மலையடிவாரத்தில் ஜீப் ஓட்டலாமா? புல எண்ணில் தொடங்கி கிராம சபை வரை

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையிலோ குன்றின் அடிவாரத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால், ஆடு மேய்ப்பவருக்கும் ஜீப்பில் வந்தவருக்கும் நடக்கும் ஒரே மாதிரியான வாக்குவாதத்தைக் கேட்கலாம். "இது கவர்மெண்டு நிலந்தானே, நீங்க யாரு கேக்குறதுக்கு?" என்பார் வந்தவர். "இது எங்க ஊரு நிலம், நீங்க யாரு நுழையுறதுக்கு?" என்பார் ஊர்க்காரர். இருவர் சொல்வதும் பாதி உண்மை. இருவருக்கும் தெரியாத மீதிப் பாதி, கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஒற்றை வரியாக எழுதப்பட்டிருக்கும். பொதுநிலத்தில் வண்டி ஓட்டுவது சரியா தவறா என்று பேசப் புகுவோர் முதலில் அந்த வரியைப் படித்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வந்தது.

நான் வண்டி ஓட்டுபவர்களின் பக்கத்திலிருந்து வந்தவன். பழைய ஜீப் ஒன்று என்னிடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதத்தில், நண்பர்களோடு மூன்று வண்டிகளில் ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறி இறங்கி விளையாடிவிட்டு, மனநிறைவோடு வீடு திரும்பினேன். ஐப்பசி மழை முடிந்து அதே வழியாகப் போனபோது, எங்கள் சக்கரத் தடம் ஓடிய இடத்தில் கரையின் வெளிச்சரிவு முழங்கால் ஆழத்துக்கு அறுந்து கிடந்தது. அங்கே மண் சுமந்து கொட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைத் திட்டவில்லை, "தம்பி, இது யாருக்குப் பாத்தியப்பட்ட கரைன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது பிறகு பேசியதில் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடி அலுவலகங்களில் அலைந்து கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: நிலத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது

'புறம்போக்கு' என்ற சொல்லை நாம் வசவாகவே பழக்கிவிட்டதால், அதற்குள் எத்தனை வகைகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். கண்மாய்ப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, மேய்க்கால், மந்தைவெளி, பாறை, கல்லாங்குத்து, மயானம் என்று ஒவ்வொன்றும் ஒரு பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டு, அந்தப் பயன்பாட்டின் பெயராலேயே பதிவேட்டில் இருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே பொட்டலாகத் தெரியும். பொட்டலின் நடுவே ஒரு பட்டா நிலம் பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கலாம். பக்கத்திலேயே கோயிலுக்குச் சொந்தமான மானாவாரி நிலம் இருக்கலாம். கோயில் நிலம் பொதுநிலம் அன்று, அது சாமியின் பெயரில் உள்ள சொத்து. அறநிலையத் துறையின் மேற்பார்வையில் இருப்பதாலேயே அது எல்லோரும் புழங்கும் இடமாகிவிடாது. வெளியூரிலிருந்து வருபவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த இடத்தில்தான் நேர்கிறது.

கண்டுபிடிக்கும் முறை எளியது. பிரச்சினைக்குரிய இடத்தில் நின்று, கைப்பேசி வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, கிராம வரைபடத்தில் அந்த இடத்தின் புல எண்ணை, அதாவது சர்வே எண்ணை, கேளுங்கள். புல எண் கிடைத்துவிட்டால், அரசின் மின்சேவைத் தளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து 'அ' பதிவேட்டின் விவரத்தைப் பார்க்கலாம். நிலத்தின் வகைப்பாடும் பரப்பும் அதில் இருக்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை எல்லைக் கற்களைத் தேடி நடந்து பார்ப்பதும் நல்லது. பல ஊர்களில் வண்டிப்பாதை என்று எல்லோரும் நம்பிப் புழங்கும் தடம், பதிவேட்டில் உள்ள வண்டிப்பாதையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளிச் சென்று யாரோ ஒருவரின் பட்டாவுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அவர் இத்தனை காலம் பெருந்தன்மையாக விட்டுவைத்திருப்பார்.

கண்மாய் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. கரை அறுந்தால் யாரிடம் மனுக் கொடுப்பது, கரையின் இரு முனையிலும் கல் ஊன்றி வண்டிகளைத் தடுக்க யாரைக் கேட்பது என்பதெல்லாம் இந்த ஒரு விவரத்தில்தான் தொங்குகின்றன. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு, தவறான அலுவலகத்திலேயே மஞ்சள் பூத்துக் கிடக்கும்.

எந்த நிலத்துக்கு எந்தச் சட்டம்

காப்புக்காடு, அதாவது அரசு ஒதுக்கி வனத்துறை காத்துவரும் காடு, என்று தெரிந்துவிட்டால் விவாதத்துக்கே இடமில்லை. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதை 21-ஆம் பிரிவிலேயே தடுக்கிறது. அழகர்மலையின் காடு இப்படிப்பட்டது; பழமுதிர்சோலைக்குத் தார்ச்சாலை போகிறது என்பதற்காக, சாலையை விட்டு இறங்கிச் சக்கரத்தைக் காட்டுக்குள் திருப்பலாம் என்று பொருளாகாது. பேரையூர் வட்டத்துச் சாப்டூர்ப் பக்கம் போனால் விதி இன்னும் இறுகும். அங்கே இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே முழுமையாகப் பொருந்தும். சதுரகிரிக்கு நடந்து போகும் பக்தர்களுக்கே வனத்துறை நேரம் குறித்துத்தான் அனுமதி தருகிறது.

நடப்பவர்களுக்கே இவ்வளவு கட்டுப்பாடா என்று கேட்பவர்களுக்கு 2018 மார்ச் 11 நினைவிருக்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 தடங்களை அறிவித்து, முன்பதிவும் வழிகாட்டியும் கொண்டு நடத்தத் தொடங்கியது. அவை நடைபாதைகள், வண்டிப் பாதைகள் அல்ல. ஆனாலும் 'காட்டுக்குள் போகவே கூடாது' என்பதற்கும் 'எங்கு வேண்டுமானாலும் போகலாம்' என்பதற்கும் இடையே, 'இன்ன தடத்தில், இன்ன எண்ணிக்கையில், இன்னார் பொறுப்பில் போகலாம்' என்ற ஒரு வழி நம் மாநிலத்திலேயே நடைமுறையில் இருக்கிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அடுத்து, குன்றுகள். கீழக்குயில்குடி சமணர் மலை, கொங்கர்புளியங்குளம், கீழவளவு, மாங்குளம் போன்ற இடங்களில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. மாங்குளம் கல்வெட்டை இராபர்ட் சீவல் கண்டது 1882-இல், வனச் சட்டம் வந்த அதே ஆண்டில் என்பது ஒரு தற்செயல்தான். ஆனாலும் நம் குன்றுகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கின்றன. படுக்கை வரைக்கும் ஜீப் ஏறாதுதான். ஆனால் அடிவாரப் பாறையில் டயர் தேய்த்த கறுப்புக் கோடுகளையும், மாட்டிய வண்டியை இழுக்கும் வின்ச் கம்பி அறுத்த மரப்பட்டைகளையும் நானே பார்த்திருக்கிறேன்.

அரிட்டாபட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகுடு வல்லூறும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் வாழும் நிலம் அது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்ற செய்தி வந்தபோது மேலூர்ப் பகுதியே திரண்டு எழுந்து, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாகும் வரை ஓயவில்லை. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில், வெறும் 4.97 ஹெக்டேர் அளவுள்ள காசம்பட்டி வீரகோயில் காடு, 2025-இல் இரண்டாவது தலமானது. இந்த அறிவிப்பைப் பற்றி ஊர்களில் ஒரு தவறான அச்சம் உலவுகிறது: தலமாக அறிவித்துவிட்டால் ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் விடமாட்டார்கள் என்பது. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் இதற்கு நேர்மாறானவை. ஊர் மக்களின் வழக்கமான பயன்பாடுகளை, அவர்களாகவே முடிவெடுத்தால் ஒழிய, அறிவிப்பு தடுக்காது. வெளியிலிருந்து வரும் புதிய பயன்பாட்டுக்கும் உள்ளூரின் பழைய பயன்பாட்டுக்கும் சட்டமே வேறுபாடு காட்டும் இடம் இது. விவாதத்தில் இதை எடுத்துவைக்க ஊர்க்காரர்கள் தவறிவிடுகிறார்கள்.

வண்டிக்கும் சட்டம் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஏற்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஓட்டி அகப்பட்டால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. காப்பீட்டைப் பற்றி ஒரு நுணுக்கம்: 'பொது இடம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் சாலையோடு நிற்பதில்லை, பொதுமக்களுக்குச் செல்லும் உரிமை உள்ள எந்த இடத்தையும் தழுவுகிறது. ஆகவே மந்தைவெளியில் ஓட்டினாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமே. மறுபுறம், பந்தயமாகவோ வேகச் சோதனையாகவோ நடத்தினால் வழக்கமான காப்பீட்டு ஒப்பந்தம் கைவிட்டுவிடும். ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

சக்கரம் மண்ணில் என்ன செய்கிறது

சட்டத்தைக் கடந்து, உண்மையில் என்ன சேதம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. "ஒரு வண்டி போனதுல கரை உடைஞ்சிருமா?" என்று கேட்டால், உடையாது என்பதுதான் விடை. கரை உடையும் முறையே வேறு. கண்மாய்க் கரையின் உச்சி சற்றே கூம்பலாக இருந்தால், மழைநீர் இரு பக்கமும் மெல்லப் பரவி வழியும். சக்கரம் இரண்டு பள்ளக் கோடுகளைப் போட்டுவிட்டால், நீர் வழியாமல் அந்தக் கோட்டிலேயே தேங்கி, கரையோடு ஓடி, தாழ்வான ஓர் இடத்தைக் கண்டதும் மொத்தமாக வெளிச்சரிவில் விழும். அங்கே ஓர் அரிப்பு தொடங்கும். அடுத்த மழை அதே வழியைத்தான் தேடி வரும். நான் கண்ட முழங்கால் பள்ளம் இப்படித்தான் உண்டாயிற்று. எங்கள் ஜீப் செய்தது வெறும் தொடக்கம்தான். அந்தத் தொடக்கம் இல்லாமல் மழைக்கு வழி கிடைத்திருக்காது.

கண்மாய்க்குள் நீர் நிற்கும் உள்வாயில் கதை வேறு. கோடையில் கண்மாயின் உள்வாய் வெடித்துக் காய்ந்து கிடக்கும். மேலே பொருக்கு, கீழே வண்டல் ஈரம். பொருக்கை உடைத்துக்கொண்டு சக்கரம் இறங்கும், வண்டி மாட்டும், கருவேல மரத்தில் கம்பி கட்டி இழுப்பார்கள். அதே மாதங்களில் ஆள்காட்டிக் குருவி வெட்டவெளியில், கூழாங்கல் நிறத்தில், பெரும்பாலும் நான்கு முட்டை இட்டிருக்கும். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. நடந்து போகிறவன் தலைக்குமேல் அது கத்துவதைக் கேட்டு விலகிவிடுவான். எஞ்சின் சத்தத்தில் இருப்பவனுக்கு அது கேட்காது. மேய்ச்சல் தரையில் சக்கரம் அழுத்திய மண்ணில் அடுத்த மழைக்குப் புல் தழைப்பது குறையும் என்பதைக் ஆட்டுக்கிடை போடும் எந்தக் கீதாரியும் சொல்வார்.

சேதத்தைக் காட்ட விரும்பும் ஊர்க்காரர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஓர் அளவுகோலைத் தரையில் கிடத்தி மூன்று முறை படமெடுங்கள்: வண்டிகள் வருமுன், வந்து போன அன்று, முதல் பெருமழைக்குப் பின். தேதியும் இடமும் படத்தில் பதியும்படி கைப்பேசியை அமைத்துக்கொள்ளுங்கள். இதில் நேர்மை வேண்டும். டிராக்டரின் பின்சக்கரத் தடம் கூம்பு கூம்பாக, மீன்முள் போல இருக்கும். அதை ஜீப்பின் கணக்கில் எழுதினால், கூட்டத்தில் எதிர்த்தரப்பு எழுந்து நின்று அந்த ஒரு படத்தைக் காட்டியே உங்கள் மனு முழுவதையும் தள்ளிவிடும்.

எதிர்த்தரப்பு சொல்வதைக் கேட்பது

வண்டி ஓட்டுபவர்களின் வலுவான வாதம் பொழுதுபோக்கு உரிமை பற்றியது அன்று. "கிரானைட் லாரி ஆயிரம் தடவை போனப்ப நீங்க எங்க போனீங்க?" என்பதுதான் அது. மேலூர்ப் பகுதிக்கு இந்தக் கேள்வி சுடும். கிரானைட் குவாரிகளின் முறைகேடு பற்றி மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012-இல் அறிக்கை கொடுத்ததும், 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் ஓடைகளும் குன்றுகளும் மறைந்துகொண்டிருந்தபோது, வாய் திறந்தவர்கள் சிலரே. ஆனால் பெரிய அநியாயத்தைத் தடுக்க முடியாதது சிறியதை அனுமதிக்கக் காரணமாகாது என்று சொன்னால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்டவரை எதிரியாக்க வேண்டியதில்லை.

ஊர்த்தரப்பின் வலுவான வாதமும் அடிக்கடி பேசப்படாமலே போகிறது. 2022 மார்ச்சில், மேகமலை தொடர்பான ஒரு வழக்கில், தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மாடு மேய்ப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே மாதத்தில் அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமாகச் சுருக்கப்பட்டது. புளிக்குளம் மாட்டுக் கிடையை ஓட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மலையடிவாரத்துக்குப் போனவர்கள் ஒதுங்கி நிற்கும்போது, நாலு சக்கரத்தில் வருபவர் அதே எல்லையை விளையாட்டாகக் கடப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும்? 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்கள் ஊராரின் பொதுப் பயனுக்கானவை என்பதை அழுத்திச் சொல்லி, ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அது ஆக்கிரமிப்பு பற்றிய தீர்ப்பு, வண்டி பற்றியது அன்று. கூட்டத்தில் மேற்கோள் காட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடக் கூடாது.

இந்தச் சண்டையை நமக்கு முன்பே, நம்மைவிடப் பெரிய அளவில் போட்டுப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 1972 பிப்ரவரியில், நாம் வன உயிரினச் சட்டம் இயற்றிய அதே ஆண்டில், அதிபர் நிக்சன் 11644-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பொதுநிலங்களைப் பார்த்துக்கொள்ளும் துறைகள், எந்தத் தடத்தில் வண்டி ஓடலாம், எங்கே கூடாது என்று பிரித்துக் குறிக்க வேண்டும். மண்ணுக்கும் விலங்குகளுக்கும் மற்றப் பயனாளர்களுக்கும் உண்டாகும் தொல்லை குறையும்படி குறிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 1977-இல் கார்ட்டர், சேதம் கண்டால் உடனே மூடும் அதிகாரத்தைச் சேர்த்தார். ஆனாலும் பல காடுகளில் 'மூடியதாகச் சொல்லாத இடமெல்லாம் திறந்த இடம்' என்றே நடந்துவந்தது. 2005-இல் அவர்களுடைய வனத்துறை அதைத் தலைகீழாக்கி, வரைபடத்தில் குறித்த தடத்தில் மட்டுமே ஓட்டலாம் என்று விதி செய்தது. சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அனுமதி கேட்பதும் கொடுப்பதும் நிலம் முழுவதற்கும் அன்று, வரைபடத்தில் குறித்த தடத்துக்கு.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உருவம் இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். உள்ளூர் ஓட்டுநர்கள், ஒரே கரடுமுரடான தடம். முதுகெலும்பு கழன்றுவிடும் போல இருக்கும் அந்தப் பயணத்தில் யாரும் புதுத் தடம் போடுவதில்லை, பிழைப்பும் உள்ளூருக்கே போகிறது. அதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் 'உள்ளூருக்கு என்ன கிடைக்கும்' என்று கேட்பவருக்குக் காட்ட ஓர் இடம் இருக்கிறது.

கிராம சபைக்குக் கொண்டுபோவது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மழைக்கு முன் முடிவு வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15-ஐக் குறிவையுங்கள். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே ஊராட்சித் தலைவரிடமோ, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவரிடமோ, பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வருகையைக் கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போவது நல்லது. "வெளியூர் வண்டிகளைத் தடை செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது உணர்ச்சியாக நின்றுவிடும். ஊர்ப் பையன்களின் வண்டிகளுக்கு மட்டும் விலக்குப் போலவும் தோன்றும். இந்த மாதிரியைக் கையாளலாம்: "புல எண் இன்னதில் உள்ள கண்மாயின் கரையில், விவசாயத்துக்கும் பராமரிப்புக்கும் வருபவை தவிர வேறு நான்கு சக்கர வண்டிகள் ஏறாதவாறு, கரையின் இரு முனைகளிலும் கல் ஊன்றித் தருமாறு உரிய துறையைக் கேட்டுக்கொள்வது எனவும், புல எண் இன்னதில் உள்ள வண்டிப்பாதை வழக்கம்போல் அனைவருக்கும் திறந்திருக்கும் எனவும், புல எண் இன்னதில் உள்ள மேய்க்காலில் குழுவாக வண்டிப் பயணம் நடத்தக் கோரும் விண்ணப்பங்களை, கிடை போட்டிருக்கும் மாதங்களிலும் ஐப்பசி முதல் தை முடியவும் பரிந்துரைப்பதில்லை எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." பல ஊர்களில் கரையே தோட்டத்துக்குப் போகும் பாதை என்பதால், அந்த விவசாய விலக்கு இல்லாமல் எழுதிவிடாதீர்கள், முதலில் மாட்டுபவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார்.

கிராம சபையால் முடியாதவையும் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் யாரையும் அனுமதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பிடிபட்டவருக்கு ஊரே அபராதம் விதிப்பது கட்டப்பஞ்சாயத்து. வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்குவது, டயரில் காற்றை இறக்குவது எல்லாம் உங்களையே குற்றவாளியாக்கும். பதிவெண் தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, காடு என்றால் வனச்சரக அலுவலகத்துக்கும் மற்ற இடம் என்றால் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

தீர்மானத்துக்குப் பிறகும் எதுவும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் தீர்மான நகலோடு மனுக் கொடுங்கள். அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு, பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தப் புல எண்ணின் வகைப்பாடு என்ன, இங்கே வண்டிப் பயணம் நடத்த யாருக்காவது அனுமதி வழங்கப்பட்டதா, வழங்கியிருந்தால் அதன் நகல், இந்தக் கரையைப் பராமரிக்கக் கடந்த மூன்று ஆண்டுகளில் செலவான தொகை. "ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு

உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை. கரடுமுரடில் ஓட்டத்தான் வேண்டும் என்றால், தனியார் தோப்பிலோ தரிசிலோ உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலோடு ஓட்டுவதே சிக்கலற்ற வழி. மதுரையைச் சுற்றி அதற்கு நிலம் இல்லாமல் இல்லை. வண்டிப்பாதையில் போனால் அதிலேயே போங்கள், சேறு கண்டு ஒதுங்கிப் புதுத் தடம் போடாதீர்கள். மூன்று நான்கு வண்டிகளுக்கு மேல் சேராதீர்கள். மழைக்குப் பின் மண் காயும்வரை கரைப் பக்கமே போகாதீர்கள். எதிரே ஆடு வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, கிடை கடக்கும்வரை நில்லுங்கள். ஹாரன் அடித்தால் சிதறும் ஆட்டை அந்தி வரை தேட வேண்டியவர் நீங்கள் அல்ல. கோயில் காடுகளுக்குள் நுழையவே வேண்டாம். இடையபட்டி வெள்ளிமலைக் கோயில் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கத் தயங்குபவர்களிடம், புதரைச் சாய்த்துக்கொண்டு போன வண்டிக்கு நீங்கள் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

ஊரின் கூட்டத்துக்கு உங்களை அழைத்தால் போங்கள். நான் ஒருமுறை போனேன். கரை அறுந்ததற்கு என் பங்கை ஒப்புக்கொண்ட பின், வண்டிப்பாதை வழியாகக் குன்றின் மேற்கு அடிவாரம் வரை போவதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தீர்மானம் எழுதி வாசித்தார்கள், எல்லோரும் கையெழுத்திட்டோம். நகல் கைக்கு வந்தபோது, கரையின் புல எண்ணும் வண்டிப்பாதையின் புல எண்ணும் இடம் மாறியிருந்தன; எழுத்தில் பார்த்தால் பாதை மூடப்பட்டு, கரை எல்லோருக்கும் திறக்கப்பட்டிருந்தது. அதைத் திருத்த அடுத்த கிராம சபை வரை காத்திருந்தோம். நகல் வாங்கிய அன்றே, அங்கேயே நின்று, 'அ' பதிவேட்டோடு ஒவ்வொரு எண்ணையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.